கட்டைவிரல் நகத்தில் ஒரு விமானி அறை

ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் ஷூ கம்பெனிகள் உள்ள தெருக்களில், மேல்தோல் வெட்டியபின் மிஞ்சிய துண்டுகள் மூட்டை மூட்டையாகக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். பழுப்பு, கறுப்பு, சிவப்பு என்று எத்தனையோ நிறங்கள். இரண்டாம் உலகப் போரில் பெயர் பெற்ற ஸ்பிட்ஃபயர் என்ற போர்விமானத்தில், விமானியின் முதுகு சாயும் இடத்தில் தோல் உறை போட்ட மெத்தை ஒன்று இருந்தது. அந்த விமானத்தின் பிளாஸ்டிக் மாதிரியை ஒட்டிக் கொண்டிருக்கும் ஆம்பூர் மாணவர் ஒருவருக்கு, 'மெய்யான தோலிலேயே ஒரு துணுக்கை வெட்டி இருக்கையில் ஒட்டிவிட்டால் என்ன?' என்று தோன்றுவது இயற்கைதான்.

ஒட்டிப் பாருங்கள். மெய்யான தோல், தோலைப் போலவே இராது! மண்மூட்டை ஒன்றை நாற்காலியில் சாய்த்து வைத்தது போலத்தான் இருக்கும். சாதாரணத் தாளும், சமையலறை அலுமினியத் தகடும், ஒரு சொட்டு வண்ணமும் அதைவிட நன்றாகத் தோலை நடிக்கும். இது ஏன் என்று ஆராய்ந்தால், மாதிரி விமானக் கலையின் பெரும்பகுதி புரிந்துவிடும்.

ஆறடி ஓர் அங்குலமாகிறது

உலகெங்கும் மிகுதியாகச் செய்யப்படும் மாதிரி விமானங்கள் 72-இல் ஒரு பங்கு அளவில் உள்ளவை. இந்த விசித்திரமான எண் எங்கிருந்து வந்தது? ஓரடிக்கு 12 அங்குலம்; ஆறடிக்கு 72 அங்குலம். ஆறடி உயரமுள்ள மனிதன் இந்த அளவில் சரியாக ஓர் அங்குல உயரம் இருப்பான். அவ்வளவுதான். இங்கிலாந்தில் ஃபிராக் என்ற நிறுவனம் 1936-இல் இந்த அளவில் பிளாஸ்டிக் பாகப் பெட்டிகளை விற்கத் தொடங்கியது.

1942-இல் அமெரிக்காவில் உங்களைப் போன்ற உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் அந்நாட்டுக் கடற்படை ஓர் உதவி கேட்டது. நம் விமானம் எது, பகை விமானம் எது என்று வீரர்களுக்குக் கற்பிக்க ஐந்து லட்சம் மர மாதிரிகள் வேண்டும் என்றது. மாணவர்கள் பள்ளித் தச்சுக் கூடங்களிலேயே அவற்றைச் செதுக்கிக் கொடுத்தார்கள். அவையும் 72-இல் ஒரு பங்கே. 35 அடி தூரத்தில் அந்த மாதிரியைப் பிடித்தால், ஏறக்குறைய அரை மைல் தொலைவில் பறக்கும் உண்மை விமானத்தைப் போலத் தெரியும். கணக்கு எளிது: 35-ஐ 72-ஆல் பெருக்கினால் 2,520 அடி. இந்தப் பெருக்கலை நினைவில் வையுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

ஏர்ஃபிக்ஸ் நிறுவனத்தின் முதல் விமானப் பெட்டி 1953-இல் வெளிவந்தது. அது ஸ்பிட்ஃபயர்தான். இன்று இந்த நிறுவனத்தின் பெட்டிகள் பலவற்றில் 'இந்தியாவில் தயாரிக்கப்பட்டது' என்று அச்சிட்டிருப்பதைக் காணலாம். இந்திய விமானப்படையும் 1944 முதல் ஸ்பிட்ஃபயரைப் பறக்கவிட்டதால், நமக்கு இது முற்றிலும் அந்நிய விமானமும் அன்று.

இதன் இறக்கை முனைக்கு முனை 11.23 மீட்டர். மாதிரியில் 15.6 சென்டிமீட்டர். விமானி அறையோ உங்கள் கட்டைவிரல் நகத்தளவுதான் வரும். பழைய பெட்டிகளில் அதற்குள் ஓர் இருக்கையும், பொம்மை போன்ற ஒரு விமானியும் மட்டுமே இருப்பார்கள். அந்த வெற்றிடத்தில் கருவிகளையும் நெம்புகோல்களையும் பட்டைகளையும் சேர்ப்பதுதான் இந்தக் கலையில் மிக நுட்பமான வேலை.

அளவு சுருங்கும், பொருள் சுருங்காது

ஷூவின் மேல்தோல் பொதுவாக 1.2 முதல் 1.4 மி.மீ. கனம் இருக்கும். 72-ஆல் பெருக்குங்கள். மாதிரியில் ஒட்டிய அந்தத் தோல், உண்மை விமானத்தில் 9 அல்லது 10 செ.மீ. கனமுள்ள தோலுக்குச் சமம். யானைத்தோல்கூட அவ்வளவு தடிப்பில்லை. ஷூ கம்பெனியில் ஸ்கைவிங் இயந்திரத்தில் கொடுத்து ஓரங்களைச் சீவுவார்களே, அப்படி அரை மி.மீ. வரை சீவினால் 3.6 செ.மீ. ஆகிறது. மெத்தையின் கனம் என்று அதை ஏற்கலாம். ஆனால் மேற்பரப்பை என்ன செய்வது? ஆட்டுத்தோலின் நுண்ணிய மேடுபள்ளம் கால் மி.மீ. அகலம் என்றாலும், 72 மடங்காகும்போது கிட்டத்தட்ட 2 செ.மீ. அகலமுள்ள கொப்புளமாகிவிடும். உட்புறத்தைத் திருப்பி ஒட்டினாலோ, பத்தில் ஒரு மி.மீ. தடிப்புள்ள நார்க்கற்றைகள் 7 மி.மீ. கயிறுகளாகத் தெரியும்.

பிளாஸ்டிக்கிலும் இதே தொல்லை உண்டு. பெட்டியில் வரும் விமான உடலின் சுவர் ஏறத்தாழ 1 மி.மீ. கனம். உண்மையில் அது 7.2 செ.மீ. சுவர்! உண்மை ஸ்பிட்ஃபயரின் அலுமினிய உறை 1 மி.மீ. அளவே. ஆகவே தேர்ந்த மாதிரிக்காரர்கள் முதலில் செய்யும் வேலை, விமானி அறையின் விளிம்பை உட்புறமாகச் சுரண்டி மெல்லியதாக்குவதுதான். வெளியே ஒன்றும் சேர்க்காமலே மாதிரி பாதி உயிர் பெற்றுவிடும்.

இனி ஓர் ஆச்சரியம். சப்பாத்தி சுற்றிவைக்கும் அலுமினியத் தகட்டின் கனம் சுமார் 0.015 மி.மீ. இதை 72-ஆல் பெருக்கினால் 1.08 மி.மீ. விமான உறையின் கனம் அப்படியே கிடைக்கிறது! கடையில் விலை கொடுத்து வாங்கும் எந்தப் பொருளும் இதைவிடச் சரியாகப் பொருந்தாது. இதேபோல் தலைமுடி 0.07 மி.மீ.; மாதிரியில் அது 5 மி.மீ. குழாய். அறைச் சுவரில் ஓடும் மெல்லிய குழாய்களுக்கு உங்கள் சீப்பிலேயே கச்சாப்பொருள் இருக்கிறது.

சற்றுத் தடித்த கம்பி வேண்டுமானால், பாகங்களைத் தாங்கி வரும் பிளாஸ்டிக் சட்டத்தைத் தூக்கி எறியாதீர்கள். அது பாலிஸ்டைரீன், ஏறத்தாழ 100 டிகிரி செல்சியஸில் இளகும். பெரியவர் ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு, மெழுகுவத்திச் சுடருக்கு மேலே, சுடரைத் தொடாமல், சட்டத்துண்டின் நடுப்பகுதியைச் சூடாக்குங்கள். பளபளத்து இளகியதும் வெளியே எடுத்து, இரு கைகளாலும் இழுங்கள். 2 மி.மீ. தடிப்புள்ள துண்டில் 1 செ.மீ. நீளம் இளகி, 0.2 மி.மீ. இழையானால் அதன் நீளம் என்ன? கனஅளவு மாறாது. விட்டம் பத்தில் ஒரு பங்கானால் குறுக்குவெட்டுப் பரப்பு நூறில் ஒரு பங்கு. ஆகவே நீளம் நூறு மடங்கு, அதாவது ஒரு மீட்டர். கை நீளும் அளவுக்கு இழுக்கலாம் என்று அனுபவத்தில் சொல்வதன் காரணம் இதுவே.

கண் காணும் எல்லை

எவ்வளவு நுணுக்கம் சேர்க்க வேண்டும் என்ற கேள்விக்கு, 'முடிந்தவரை' என்று பலர் பதில் சொல்வார்கள். அது சரியான பதில் அன்று. கண்ணுக்கு ஓர் எல்லை உண்டு. நல்ல பார்வையுள்ளவர் ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு கோணத்தைத்தான் பிரித்தறிய முடியும். 30 செ.மீ. தூரத்தில் வைத்துப் பார்க்கும்போது அது 0.087 மி.மீ. ஆகிறது. மீண்டும் 72-ஆல் பெருக்கினால் 6.3 மி.மீ. அதாவது, உண்மை விமானத்தில் 6 மி.மீ.க்குக் குறைந்த எதுவும் மாதிரியில் தனியாகத் தெரியாது. 30 செ.மீ. தூரம் என்பதே 21.6 மீட்டர் தள்ளி நின்று உண்மை விமானத்தைப் பார்ப்பதற்குச் சமம் அல்லவா? அங்கிருந்து பார்த்தால் உயரமானியின் முள் தெரியுமா? ஒரு வெண்புள்ளியாகத் தெரிந்தால் அதிகம்.

ஆகவே முள்ளையும் எண்களையும் எழுத முயன்று கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். கறுப்பு வட்டத்தில் ஒரு வெள்ளைக் கீறல் போதும். மற்றதைப் பார்ப்பவரின் மூளை நிரப்பிக்கொள்ளும். பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கும் போட்டி நடுவர்கள் வேறு சாதி. அவர்களுக்காக உழைப்பவர்களை நாம் தடுக்கப் போவதில்லை.

இருக்கையும் பட்டைகளும்

ஸ்பிட்ஃபயரின் இருக்கை உலோகமாக இருந்திருக்கும் என்றுதான் எண்ணுவோம். ஆனால் பல விமானங்களில் அது பிசின் ஊட்டி அழுத்திய தாளால் ஆனது, செம்பழுப்பு நிறம். சுவர்கள் சாம்பல் கலந்த பச்சை. இருக்கையைச் சாதாரணத் தாளில் வெட்டி மடித்துச் செய்தால், தாளை நடிக்கத் தாளே வந்துவிடுகிறது!

முதுகு மெத்தைக்கு வருவோம். இங்கேதான் ஆம்பூர்த் தோல் கைகொடுக்கும், ஆனால் நாம் எதிர்பார்த்த விதத்தில் அன்று. மென்மையான தோல்துண்டை உட்புறம் மேலே இருக்கும்படி மேசைமீது விரித்து, அதன்மேல் அலுமினியத் தகட்டை வையுங்கள். மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் நெருக்கமாகக் கோடுகள் இழுங்கள். தோல் கீழே இசைந்து கொடுப்பதால் தகடு கிழியாமல் பள்ளமாகும். கோடுகளுக்கு இடைப்பட்ட பகுதி பஞ்சு அடைத்த வரிகளைப் போல மெல்லப் புடைத்து நிற்கும். அதை வெட்டி இருக்கையில் ஒட்டி, மங்கலான கரும்பழுப்பு பூசினால் அசல் தோல் மெத்தைதான். மெய்யான தோல், போலித் தோலைச் செய்யும் பட்டறைக் கல்லாகிவிட்டது. அதே துண்டின் மறு ஓரத்தில் கத்தியைத் தீட்டிக்கொள்ளலாம்.

விமானியைக் கட்டும் பட்டைகள் நான்கு: தோளுக்கு இரண்டு, இடுப்புக்கு இரண்டு. சுமார் 5 செ.மீ. அகலமானால் மாதிரியில் 0.7 மி.மீ. தாளில் வெட்டி ஒட்டினால் அவை விறைத்துக்கொண்டு நிற்கும். காரணம் சுவையானது. நீளம் 72-இல் ஒரு பங்கானால், பரப்பு 72-ஐ 72-ஆல் பெருக்கிய 5,184-இல் ஒரு பங்காகிறது. எடையோ 72-ஐ மும்முறை வைத்துப் பெருக்கிய 3,73,248-இல் ஒரு பங்காகிறது. பூமியின் ஈர்ப்பு மட்டும் மாதிரிக்கென்று மாறுவதில்லை. உண்மைப் பட்டை தன் எடையாலேயே தொங்கி வளைகிறது. நம் துணுக்குக்கு வளையப் போதுமான எடையே இல்லை. யானையின் கால் ஏன் தூணாகவும், எறும்பின் கால் ஏன் இழையாகவும் இருக்கிறது என்று படித்திருப்பீர்களே, அதே விதி இங்கே இருக்கைப் பட்டையில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

தாளை வளைத்தால் மீண்டும் நிமிரப் பார்க்கும். அலுமினியத் தகடு வளைத்தால் வளைந்தபடியே இருக்கும். ஆகவே தகட்டை இரண்டாக மடித்து, அழுத்தி, கீற்றாக வெட்டி, இடுக்கியால் இருக்கையின்மேல் சாய விடுங்கள். பட்டை அலட்சியமாகப் போட்டதுபோல விழுவதற்கு நாம் அக்கறையோடு வளைக்க வேண்டியிருக்கிறது.

ஆறு வட்டங்கள்

கருவிப் பலகையின் நடுவில் ஆறு கருவிகள் உண்டு. மேல் வரிசையில் வேகமானி, செயற்கைத் தொடுவானம், ஏற்ற இறக்கமானி. கீழ் வரிசையில் உயரமானி, சுழலித் திசைகாட்டி, திருப்பமானி. மேகத்துக்குள் வெளியே ஒன்றும் தெரியாதபோது விமானியின் உயிர் இந்த ஆறு வட்டங்களில் இருந்தது. பிரிட்டிஷ் விமானப்படை தன் விமானங்கள் பலவற்றிலும் இவற்றை ஒரே வரிசையில் வைத்தது. ஒரு விமானத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறும் விமானி இருட்டில் தேடக் கூடாது அல்லவா?

கருவி ஒன்றின் முகம் சுமார் 8 செ.மீ. அகலம். மாதிரியில் 1.1 மி.மீ. பெல்ட்டுக்கு ஓட்டை போடும் தோல் துளைப்பானைக் கொண்டு தாளில் இந்த வட்டங்களை வெட்டலாம் என்று எண்ணினால், அதன் மிகச் சிறிய குழல்கூட 2 மி.மீ. அளவில் இருக்கும், உண்மையில் அது 14 செ.மீ. வட்டம், சுவர்க் கடிகாரம் போலாகிவிடும். 32-இல் ஒரு பங்கு அளவுள்ள பெரிய மாதிரிக்கு வேண்டிய வட்டம் 2.5 மி.மீ. என்பதால் அங்கே அது நன்றாக உதவும். சிறிய மாதிரிக்கு வேறு வழி உண்டு. பலகையைப் பத்து மடங்கு பெரிதாக, கறுப்பில் வெள்ளையாக வரைந்து, கணினியில் ஏற்றிப் பத்தில் ஒரு பங்காக அச்சிடுங்கள். அங்குலத்துக்கு 600 புள்ளி இடும் அச்சுப்பொறியில் புள்ளிக்குப் புள்ளி 0.042 மி.மீ.; அது கண்ணின் எல்லையான 0.087-க்கும் கீழே. போதுமானதற்கு மேலேயே போதும். காய்ந்ததும் ஊசிமுனையால் ஒவ்வொரு வட்டத்திலும் நிறமற்ற வார்னிஷ் ஒரு துளி. பரப்பு இழுவிசை அதைக் குவிந்த கண்ணாடியாக்கிவிடும்.

எந்த நெம்புகோல் எந்தப் பக்கம் என்பதிலும் கவனம் வேண்டும். ஸ்பிட்ஃபயரில் எஞ்சின் விசைக் கைப்பிடி இடப்பக்கம்; சக்கரங்களை மடக்கும் கைப்பிடி வலப்பக்கம். தரையை விட்டெழுந்ததும் விமானி இடக்கையை விசையிலிருந்து எடுத்து நடுக்கோலைப் பிடித்து, வலக்கையால் சக்கரங்களை மடக்க வேண்டும். தொடக்ககால விமானங்களில் அதைக் கையால் பம்பு அடித்து மடக்க வேண்டியிருந்தது. புதிய விமானிகள் வலக்கையால் அடிக்க அடிக்க, கோலைப் பிடித்த இடக்கையும் ஆட, விமானம் அலையில் மிதக்கும் படகுபோல மேலும் கீழும் எழுந்து விழுந்து போகும். மாதிரியில் அந்தக் கைப்பிடியை இடப்பக்கம் ஒட்டிவிட்டால் இந்தக் கதையே பொய்யாகிவிடும்.

இதற்காகத்தான் ஒட்டுவதற்கு முன் படங்களைத் தேடிப் பார்க்கச் சொல்கிறார்கள். நேரில் பார்க்க வாய்ப்பிருந்தால் இன்னும் நன்று. பெங்களூரில் எச்.ஏ.எல். நிறுவனம் 2001-இல் திறந்த அருங்காட்சியகத்தில், 1961-இல் முதன்முதல் பறந்த மாருத் என்ற நம் நாட்டுப் போர்விமானம் நிற்கிறது. வேலூர்ப் பக்கத்து மாணவர்களுக்கு அரக்கோணமும் நினைவுக்கு வரலாம். அங்குள்ள ராஜாளி கடற்படைத் தளத்திலிருந்து 2017 வரை பறந்த டி.யு.-142 விமானத்தின் இறக்கை 50 மீட்டர்; 72-இல் ஒரு பங்கிலேயே 69 செ.மீ. ஆகும். வீட்டில் அதை வைக்க இடம் பார்த்துவிட்டுத் தொடங்குவது நல்லது.

பித்தளைத் தகடும் நீலத் தோலும்

நெம்புகோல், பட்டை, கொக்கி எல்லாவற்றையும் மெல்லிய உலோகத் தகட்டில் அரித்து எடுத்து விற்பவர்களும் இருக்கிறார்கள். 1989-இல் செக்கோஸ்லோவாக்கியாவில் தொடங்கிய எட்வார்ட் நிறுவனம் இதில் பெயர் பெற்றது. தகட்டின்மேல் ஒளிபட்டால் இறுகும் ஒரு பூச்சைத் தடவி, படச்சுருள் வழியாக ஒளி பாய்ச்சுவார்கள். ஒளி பட்ட இடம் இறுகும். படாத இடத்தைக் கழுவிவிடுவார்கள். பிறகு ஃபெர்ரிக் குளோரைடு கரைசல் மூடப்படாத உலோகத்தைத் தின்றுவிடும். வானொலிச் சுற்றுப்பலகை செய்வதும் இந்த முறையில்தான்.

அந்தப் பூச்சு முற்காலத்தில் எதனால் ஆனது தெரியுமா? ஜெலட்டின் அல்லது மீன் பசையில் டைக்குரோமேட் உப்பைக் கலந்தது. இங்கிலாந்தின் டால்பாட் 1852-இலேயே இதற்குக் காப்புரிமை பெற்றார். ஜெலட்டின் என்பது தோலிலும் எலும்பிலும் உள்ள கொலாஜன் என்ற புரதத்தைக் கொதிக்க வைத்து எடுப்பது. ஒளி படும்போது ஆறு இணைதிற குரோமியம் மூன்று இணைதிற குரோமியமாக மாறி, புரத இழைகளை ஒன்றோடொன்று பிணைத்து இறுக்குகிறது. அதனால் அது நீரில் கரையாமல் நிற்கிறது.

இனி ராணிப்பேட்டைக்கோ பேரணாம்பட்டுக்கோ வாருங்கள். டேனரியின் சுழலும் பீப்பாயிலிருந்து வெளிர் நீலமாக வெளிவரும் தோலை 'வெட் புளூ' என்பார்கள். அந்த நீலமும் மூன்று இணைதிற குரோமியமே. அதுவும் அதே கொலாஜனைத்தான் பிணைத்து, அழுகாத தோலாக்குகிறது. 1884-இல் அமெரிக்காவின் ஷுல்ட்ஸ் வகுத்த முறையில், முதலில் டைக்குரோமேட்டைத் தோலுக்குள் ஊறவைத்து, பிறகு உள்ளேயே அதை மூன்று இணைதிறமாக மாற்றினார்கள். அங்கே ஒளி செய்த வேலையை இங்கே இன்னொரு வேதிப்பொருள் செய்தது. விமானி அறையின் கொக்கியும் வேலூர்த் தோலும் வேதியியலில் பங்காளிகள்!

ஆனால் டைக்குரோமேட்டை வீட்டில் கையாள நினைக்காதீர்கள். ஆறு இணைதிற குரோமியம் நஞ்சு, புற்றுநோயும் தரவல்லது. 1990-களின் நடுவில் மூடப்பட்ட குரோமேட் ஆலை ஒன்று விட்டுச்சென்ற கழிவு, லட்சம் டன்னுக்கு மேல் ராணிப்பேட்டையில் குவிந்து, நிலத்தடி நீருக்குள் கசிந்தது. பாலாற்றுப் படுகை டேனரிக் கழிவுகளைப் பற்றி உச்சநீதிமன்றம் 1996-இல் அளித்த தீர்ப்பும் இந்த மாவட்டத்துக்காரர்களுக்குத் தெரிந்ததே. இன்றைய அரிப்புத் தொழிலில் குரோமியம் இல்லாத பூச்சுகள் வந்துவிட்டன. உங்களுக்குத் தகடும் பேனாவும் போதும்.

கடைசியில் மூடி

எல்லாம் ஒட்டியபின், நன்றாக நீர்த்த கரும்பழுப்பு வண்ணத்தைத் தூரிகை முனையால் மூலைகளில் தொடுங்கள். நுண்புழை ஈர்ப்பால் அது இடுக்குகளில் தானே ஓடி நிழலாகும். பிறகு மேடான விளிம்புகளை ஏறத்தாழ உலர்ந்த தூரிகையால் வெளிர் நிறத்தில் உரசுங்கள். தூரத்தைக் காட்ட எல்லா நிறங்களையும் வெளிறச் செய்ய வேண்டும் என்று சிலர் சொல்வதுண்டு. 21 மீட்டர் காற்று அப்படியொன்றும் நிறத்தை மாற்றிவிடாது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

விமானி அறையின் கண்ணாடி மூடி 1 மி.மீ. கனம், 7.2 செ.மீ. கண்ணாடிச் சுவர் என்று இப்போது நீங்களே சொல்லிவிடுவீர்கள். அதன் வளைவு ஒளியைத் திருப்பி, உள்ளே நீங்கள் வைத்த பட்டைகளை நெளியச் செய்யும். மூடியைப் பின்னால் தள்ளித் திறந்த நிலையில் ஒட்டுவோர் பலர். எப்படி ஒட்டினாலும் ஃபெவிக்விக் வகைப் பசை வேண்டாம். அதன் ஆவி காற்றிலுள்ள ஈரத்தோடு சேர்ந்து கண்ணாடியின் உட்புறத்தில் வெண்பனிபோலப் படிந்துவிடும். பிறகு துடைக்கக் கைவிரல் நுழையாது. தச்சர்கள் பயன்படுத்தும் வெள்ளைப் பசையில் ஒரு சிறு துளியை ஊசியால் விளிம்பில் இட்டு மூடியை அமர்த்துங்கள். காயும்வரை வெள்ளையாகத் தெரியும். ஓர் இரவு கழித்துப் பார்த்தால் பசை இருந்த இடமே தெரியாது.